விமானத்தின் சக்கரங்கள் பழுதாவதற்கு மெக்கானிக்குகளின் அலட்சியம்தான் காரணமா?

கேள்வி கேட்டவர் திருச்சி விமானத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். 2024 அக்டோபர் 11 அன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பி, சக்கரங்கள் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டு, 141 பேருடன் பத்திரமாக இறங்கிய விமானம் அது. "இதெல்லாம் பராமரிப்பு ஆட்களின் அலட்சியம்தானே, அம்மாவை முதன்முறையாக விமானத்தில் அழைத்துப் போகலாமா?" என்று கேட்கிறார். அந்த விமானத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அலட்சியம் என்ற சொல்லைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 26 ஆண்டுகள் விமானப் பராமரிப்பில் இருந்தவன் நான். அந்தச் சொல் என் கோப்பிலும் ஒருமுறை ஏறியிருக்கிறது.

2009 நவம்பர், அடைமழை. இரவு முழுவதும் ஒரு விமானத்தில் பிரேக் மாற்றிக்கொண்டிருந்தோம். தரையில் நிற்கும்போது சக்கரக் கால்கள் தவறுதலாக மடங்கிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு காலிலும் ஒரு கியர் பின் செருகுவோம். விரல் பருமனில் ஓர் உலோக ஊசி, அதன் தலையில் 'பறக்கும் முன் அகற்றுக' என்று எழுதிய சிவப்பு ரிப்பன், அவ்வளவுதான். மூன்று கால்களுக்கு மூன்று பின். வேலை முடிந்ததும் மூன்றையும் உருவி, விமானி அறையில் அதற்கென்று இருக்கும் பையில் போட வேண்டும். ஒன்று மறந்துபோனாலும் மேலே போன பிறகு அந்தக் கால் மடங்காது. திரும்பி வந்து இறங்க வேண்டியதுதான்.

விடிகாலை நாலரை மணிக்கு, மூக்குச் சக்கரத்திலும் வலப்பக்கத்திலும் நானே உருவினேன். இடப்பக்கம் உதவியாளர் தம்பி நின்றிருந்தான். வாலில் இருக்கும் சிறிய எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது, மழைச் சத்தம் வேறு. "எடுத்துவிட்டாயா?" என்று கத்தினேன். "எடுத்துவிட்டேன் அண்ணே" என்று பதில் வந்தது. நான் கேட்டது பின்னை. அவன் சொன்னது கருவித் தட்டை. என் கையிலிருந்த இரண்டையும் பையில் போட்டேன். அவன் பங்கை அவன் போட்டிருப்பான் என்று நினைத்து, எண்ணிப் பார்க்காமல், விமானம் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போட்டேன்.

துணை விமானி டார்ச்சுடன் சுற்றிப் பார்க்க வந்தார். இடது காலருகே குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். கியர் பின் அங்கேயே இருந்தது. ரிப்பன்தான் இல்லை. கிழிந்துபோய் இரண்டு அங்குலத் துணி மிச்சமிருந்தது. அதுவும் கிரீஸ் ஏறிக் கறுத்து, காலின் நிறத்தோடு கலந்து கிடந்தது. அந்த ரிப்பனை மாற்றித் தரச் சொல்லி மூன்று வாரத்துக்கு முன்பே ஸ்டோருக்கு நான் எழுதிக் கொடுத்திருந்தேன். விசாரணை அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பணியாளரின் அலட்சியம் என்று முடித்துவிட்டார்கள். எனக்கு நான்கு மாதம் கையெழுத்துப் போடும் உரிமை நிறுத்தம். தம்பியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவே இல்லை. அவன் வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

'தவறை நியாயப்படுத்துகிறார்' என்று எழுத யாராவது கீழே வருவார்கள். வரட்டும். பையை எண்ணாதது என் தவறு, அன்றைக்கே எழுத்தில் ஒப்புக்கொண்டேன். நான் கேட்பது, ரிப்பனை மாற்றித் தராதவரின் பெயர் எங்கே என்பதுதான்.

2021 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில் நடந்ததைப் பாருங்கள். சரக்கு ஏற்றிக்கொண்டு நின்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 787 விமானத்தின் மூக்குச் சக்கரம் திடீரென்று மடங்கி, விமானம் முகம் குப்புற விழுந்தது. ஒரு பழுதுக்கான சோதனைக்காக சக்கரங்களை மடக்கும் கியர் நெம்புகோலை மேலே தள்ள வேண்டியிருந்தது. கால் மடங்காமலிருக்கத்தான் கியர் பின். ஒருவர் கீழிருந்து இடத்தைக் காட்ட, இன்னொருவர் செருகினார். அது பக்கத்தில் இருந்த வேறொரு துளைக்குள் போய்விட்டது. அதிலும் கச்சிதமாகப் பொருந்தும். இந்தக் குழப்பம் வருமென்று முன்பே தெரிந்து, அந்தத் துளையை அடைக்கச் சொல்லும் அமெரிக்க ஆணை 2020 ஜனவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் நிறைவேற்ற 36 மாத அவகாசம். இந்த விமானத்தில் இன்னும் அடைக்கவில்லை. செருகியவரின் தவறு உண்மைதான். 36 மாதம் கொடுத்ததை என்னவென்று சொல்வது?

ஜெத்தாவை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. 1991 ஜூலை 11 அன்று நைஜீரிய ஹஜ் பயணிகளை ஊருக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பியது ஒரு டிசி-8 விமானம். டயர்களில் காற்று குறைவு என்று மெக்கானிக்குகளுக்குச் சில நாட்களாகவே தெரியும். நிரப்ப நைட்ரஜன் தேடினார்கள், கிடைக்கவில்லை. தாமதம் கூடாது என்று மேலாளர் அப்படியே அனுப்பினார். ஓடுபாதையிலேயே டயர் வெடித்துத் தீப்பற்றியது. அது தெரியாமல் விமானிகள் சக்கரங்களை மடக்க, நெருப்பு விமானத்துக்குள் போனது. 261 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கே அலட்சியம் யாருடையது?

    

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சக்கரம் இறங்காவிட்டால் உடனே விபத்து என்று பயப்படாதீர்கள். ஹைட்ராலிக் அழுத்தம் போனாலும் மாற்று வழி உண்டு. ஏர்பஸ் 320 போன்றவற்றில் விமானி ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் பூட்டுகள் விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையாலேயே கீழே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை நானே பலமுறை சோதித்திருக்கிறேன். அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஜன்னல் இருக்கை வாங்கிக் கொடுங்கள்.