பழைய கிப்சன் மாண்டலினுக்குப் பாலிஷ் போடலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமாகி, அவர் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். அதில் அமெரிக்கக் கம்பெனியான கிப்சன் செய்த ஏ வகை மாண்டலின் ஒன்று இருக்கிறது. 1916-இல் செய்தது என்று சொல்லி 900 டாலர் கேட்கிறார்கள். வார்னிஷ் மங்கி, மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. வாங்கிப் புதிதாகப் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பாலிஷ் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆசையில்தான் நல்ல வாத்தியங்கள் பல கெட்டுப்போயிருக்கின்றன. அந்த வருடங்களில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் பூசியது அரக்கு சேர்ந்த ஸ்பிரிட் வார்னிஷ். ஆல்கஹால் பட்டால் இளகிவிடும். சானிடைசர் ஈரம் காயாத கையோடு எடுத்தால்கூட விரல் தடம் பதியும். மங்கலும் வெடிப்பும் வயதுக்கு உரியவை, சேகரிப்பவர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. சுரண்டிப் புதுப்பூச்சு கொடுத்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

அமெரிக்க நாட்டுப்புற இசை வகையான புளூகிராஸின் தந்தை பில் மன்றோ தன் கிப்சன் எஃப்-5 மாண்டலினின் தலைப்பகுதியில் இருந்த கம்பெனிப் பெயரையே கத்தியால் சுரண்டி எடுத்தவர். அதற்காக யாரும் அதன் விலையைக் குறைக்கவில்லை. ஆனால் அது மன்றோவின் மாண்டலின். அதுவும் கிப்சனின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் கையெழுத்திட்டு 1923 ஜூலை 9 என்று தேதி போட்டது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, வாங்கலாமா? முதலில் கழுத்தைப் பாருங்கள். கழுத்துக்குள் திருகி நிமிர்த்தும் எஃகுக் கம்பியைக் கிப்சன் 1920-களின் தொடக்கத்தில்தான் வைக்க ஆரம்பித்தது. 1916 மாண்டலினில் அது இருக்காது. கழுத்து வளைந்திருந்தால் அதன்மேல் உள்ள விரல்பலகையைச் சீவி, ஃபிரெட்டுகளை (அதில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளை) மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும், செலவு கூடும். ஒரு நேரான ஸ்கேலை ஃபிரெட்டுகள் மேல் வைத்தாலே வளைவு தெரிந்துவிடும்.

அப்புறம் உடலின் மேல்பலகை. ஒலித்துளைக்கும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே உட்புறம் ஒரே ஒரு குறுக்குச் சட்டம்தான் தாங்குகிறது. அதன் பசை விட்டுப்போனால் எட்டுக் கம்பிகளின் இழுப்பில் பலகை பள்ளம் விழும். பக்கவாட்டிலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, பள்ளமாகவே இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

வருடத்தை விற்பவர் வாயால் நம்பாதீர்கள். டார்ச் அடித்தால் உள்ளே லேபிளில் வரிசை எண்ணும், கழுத்து சேரும் கட்டையில் தொழிற்சாலை ஆர்டர் எண்ணும் தெரியும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ எந்த வருடம் என்று சொல்லும்.

கம்பியை முறுக்கும் டியூனர் குமிழ்கள் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். நொறுங்கியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், கழற்றிய பழையதை ஒரு பையில் போட்டு வையுங்கள். பாஞ்சோக்காரர்களிடம் கற்ற வழக்கம் இது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய நாலு கம்பி கிப்சன் மாஸ்டர்டோன் பாஞ்சோவுக்குப் புதிய ஐந்து கம்பிக் கழுத்தைப் பூட்டுவார்கள். ஆனாலும் பழைய கழுத்தைப் பெட்டியோடு வைத்துத்தான் விற்பார்கள்.

கழுத்து நேர், மேல்பலகை நிமிர்வு, பூச்சு பழையது என்றால் 900 டாலர் நியாயமான விலைதான். பழைய பெட்டி பரணில் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். வாங்கியதும் கனமான புதுக்கம்பி ஏற்றாமல், கிடைப்பதிலேயே ஒல்லியான கம்பியைக் கட்டுங்கள்.