மொருட்டி ம்தலானே எந்த வரிசை?

வணக்கம் அண்ணா,

போன வாரம் சாட்ஸ்வர்த்தில் ஒரு கல்யாண வீட்டில் மொருட்டி ம்தலானேயைப் பற்றிப் பேச்சு வந்தது. நம்ம டர்பன் பக்கத்துக் குத்துச்சண்டைக்காரர், ஐபிஎஃப் (சர்வதேச குத்துச்சண்டைக் கூட்டமைப்பு) அமைப்பின் ஃப்ளைவெயிட், அதாவது 112 பவுண்டு எடைப்பிரிவில், இரண்டு முறை உலக சாம்பியன். ஆனால் எல்லா எடைக்கும் சேர்த்து உலகின் சிறந்த பத்துப் பேர் என்று போடுகிற பவுண்ட் ஃபார் பவுண்ட் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. என் மாமா மகன், "இங்கிலாந்துக்காரன் சன்னி எட்வர்ட்ஸிடம் தோற்றவர்தானே" என்கிறான். பின்னாளில் உலக சாம்பியன்களான டெட்டேயையும் காசிமேரோவையும் அடித்தவருக்கு இல்லாத இடம் வேறு யாருக்கு என்று நான் கேட்டேன். சின்ன எடைக்காரர்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளின் கண்ணில் படுவதில்லை, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தேவன், சாட்ஸ்வர்த்

அன்புள்ள தேவன்,

ஃப்ளைவெயிட்டில் ம்தலானே உச்ச வரிசைக்காரர். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லா எடைக்குமான அந்தப் பத்துக்குள் அவரை வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இருவரில் ஒருவர் பக்கம் சாய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு பட்டியலும் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன.

முதலில் உங்கள் மாமா மகன் சொன்னதை முடித்துவிடலாம். எட்வர்ட்ஸ் சண்டை நடந்தது 2021 ஏப்ரல் 30, லண்டனில். ம்தலானேக்கு அப்போது 38 வயது, எட்வர்ட்ஸுக்கு 25. கால் வேகத்தையே ஆயுதமாக வைத்திருந்த இளைஞன் பன்னிரண்டு ரவுண்டும் சுற்றிச் சுற்றி வந்தான், இவர் துரத்திக்கொண்டே இருந்தார். நியாயமான தோல்விதான். ஆனால் ஒரு வீரனின் இடத்தை அவனுடைய கடைசிச் சண்டையை வைத்து முடிவு செய்தால் குத்துச்சண்டையில் பெரிய பெயர் என்று ஒன்று கூட மிஞ்சாது. அவன் உச்சத்தில் இருந்தபோது யாரோடு நின்றான், என்ன செய்தான் என்றுதான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் உங்கள் வாதம் வலுவானது. 2010 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் சோலானி டெட்டே, 2011 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் ஜான் ரியல் காசிமேரோ. இருவரையுமே ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். பின்னாளில் இவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். காசிமேரோ மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். டெட்டே இரண்டு பிரிவுகளில் சாம்பியன். 2017இல் பெல்ஃபாஸ்டில் ஒரு பட்டச் சண்டையைப் பதினொரே விநாடியில் முடித்தவர். 2019இல் பாண்டம்வெயிட் (118 பவுண்டு) பட்டத்துக்காக இந்த இருவரும் இங்கிலாந்தில் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். அந்த இரண்டு பேரையும் எட்டு வருஷத்துக்கு முன்பே நம்ம ஆள் சாய்த்திருந்தார்!

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அவரிடம் தோற்றபோது இரண்டு பேருமே இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள். இன்னும் முற்றாத பிள்ளைகள். தரவரிசை போடுகிறவர், "பின்னால் பெரிய ஆளாக வரப்போகிறவனை அடித்தார்" என்பதற்கு முழு மதிப்பெண் கொடுக்க மாட்டார். நான் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பேன். ஏனென்றால் அவர் அவர்களை அதிர்ஷ்டத்தில் வெல்லவில்லை, உடைத்து வென்றார். இரண்டு கைகளையும் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, அடி அடியாக முன்னேறுவார். எதிராளி வீசும் குத்துகள் பாதிக்கு மேல் அவர் முழங்கையிலும் கையுறையிலும்தான் விழும். கிட்டே வந்ததும் விலாவுக்கு ஒரு ஹுக், அங்கிருந்தே தாடைக்கு ஒரு அப்பர்கட். பார்க்க அலங்காரமாக இருக்காது. நான்காவது ரவுண்டு வாக்கில் எதிராளி வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும்போதுதான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நமக்கே புரியும். 'பேபிஃபேஸ்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் முகத்தை மட்டும் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

சரி, அப்புறம் ஏன் பத்துக்குள் இல்லை?

சின்ன எடைக்காரர்களைப் பார்ப்பதில்லை என்ற உங்கள் காரணத்தை நான் ஏற்கவில்லை. 2015இல் முதலிடத்தில் இருந்த அமெரிக்கர் மேவெதர் ஓய்வு பெற்றதும் 'தி ரிங்' பத்திரிகை பவுண்ட் ஃபார் பவுண்ட் பட்டியலில் முதலிடம் கொடுத்தது யாருக்குத் தெரியுமா? நிகராகுவாவின் ரோமன் கொன்சாலஸுக்கு. அவர் அப்போது ஃப்ளைவெயிட் சாம்பியன், ம்தலானேயின் அதே 112 பவுண்டு. ஆக, எடை தடையாக இருக்கவில்லை. ஆனால் கொன்சாலஸும் மெக்சிகோவின் எஸ்ட்ராடாவும் ஃப்ளைவெயிட்டை ஆண்ட அந்த வருஷங்களில் ம்தலானே அவர்களில் ஒருவரோடும் மோதவில்லை. ஜப்பானின் அகிரா யாயெகாஷியைக் கொன்சாலஸ் 2014இல் ஒன்பதாவது ரவுண்டில் வீழ்த்தினார். ம்தலானேயும் அதே யாயெகாஷியை அதே ஒன்பதாவது ரவுண்டில் யோகஹாமாவில் வீழ்த்தினார். ஆனால் அது 2019 டிசம்பர், யாயெகாஷிக்கு 36 வயது. இந்த ஐந்து வருஷ இடைவெளிதான் இரண்டு பேருடைய பெயருக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

அவர் உச்சத்தில் இருந்தபோது பெரிய பெயரோடு மோதியது ஒரே ஒரு முறை. 2008 நவம்பரில் லாஸ் வேகஸில், அப்போதைய ஐபிஎஃப் சாம்பியன் நோனிட்டோ டொனேர். ம்தலானேயின் கண்ணுக்கு மேல் பெரிய வெட்டு விழுந்து ஆறாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது, அவர் தோற்றார். அதற்கு அடுத்த வருஷம் அதே ஐபிஎஃப் பட்டத்தை வென்றார், நான்கு முறை காத்தார். பிறகு தாய்லாந்தின் அம்னாட் ருயென்ரோங்குடன் மோதக் கொடுக்கிற தொகை மிகக் குறைவு என்று பட்டத்தையே விட்டுவிட்டார். 2018இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானின் முகமது வசீமை வென்று திரும்ப எடுக்கும்வரை உலகம் கவனித்த சண்டை எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து வரை, ஒரு ஃப்ளைவெயிட்டுக்கு உடம்பு மிச்சமிருக்கிற கடைசிக் காலம், அப்படியே போய்விட்டது.

பட்டத்தை விட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். டர்பனில் ஃபீனிக்ஸுக்கு அந்தப் பக்கம் லிண்டெலானியிலிருந்து கிளம்பிப் போய் ஜொகன்னஸ்பர்க் ஜிம்களில் வளர்ந்த மனிதர், உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கு உரிய கூலி கேட்டார். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்த நாட்டில் ஒரு திறமைசாலி யாரோடு மோதலாம் என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்திருக்கிறார்கள்.

1950இல் பெனோனியின் விக் டோவீல் பாண்டம்வெயிட் உலக சாம்பியன். 1952இல் ஜேக் டூலி இங்கிலாந்துக்குப் போய் டெடி கார்ட்னரை அடித்து பிரிட்டிஷ் பேரரசு ஃப்ளைவெயிட் பட்டத்தை வென்றார். இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே காலம், ஒரு படி வித்தியாசமுள்ள எடை. டோவீல் வெள்ளையர், டூலி கறுப்பர். நிறப்பிரிவினையால் சொந்த மண்ணில் அவர்கள் மோத முடியாது. 1973 டிசம்பரில் அமெரிக்கக் கறுப்பரான பாப் ஃபாஸ்டரும் தென்னாப்பிரிக்க வெள்ளையரான பியர் ஃபூரியும் ஜொகன்னஸ்பர்க்கில் மோதிய பிறகுதான் அந்தக் கதவு லேசாகத் திறந்தது. டர்பன் பெரியவர்கள் சீமன் செட்டியின் பெயரை இன்னும் சொல்வார்கள். அவர் சண்டை போட்ட காலத்தில் தென்னாப்பிரிக்கப் பட்டமே இரண்டாகப் பிரிந்திருந்தது, வெள்ளையருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. அவர் உலகத்தில் எத்தனையாவது இடம் என்று இன்று யாராலும் கணக்குப் போட முடியாது. சான்று உருவாகவே விடவில்லை.

ம்தலானேக்கு அந்த நிறப்பிரிவினை இல்லை. அவருக்குத் தடையாக இருந்தது பணம், அதாவது பணம் இல்லாதது. டிவி கம்பெனிகள் போட்டி போடாத எடை, மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும் நம்ம ராண்ட் நாணயம், சொந்த ஊரில் பெரிய சண்டையை ஏலம் எடுக்க ஆளில்லாத நிலை. இரண்டாவது முறை சாம்பியனானபின் மக்காவ், டோக்கியோ, யோகஹாமா என்று எதிராளிகளின் பக்கமே போய்ப் போய்ப் பட்டத்தைக் காத்தார். 36, 37 வயதில்!

இருந்தாலும் "வாய்ப்புக் கிடைத்திருந்தால் வென்றிருப்பார்" என்பதற்காக ஒருவரைப் பத்துக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வைத்தால், கொன்சாலஸும் எஸ்ட்ராடாவும் ரிங்குக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் சோதித்துச் சம்பாதித்த இடத்தை நான் ஊகத்தின் பேரில் எடுத்துக் கொடுத்தவன் ஆவேன். ம்தலானேயே அப்படி ஒரு இடத்தை விரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃப்ளைவெயிட்டில் தன் தலைமுறையின் முதல் நான்கைந்து பேரில் ஒருவர், தென்னாப்பிரிக்க ஃப்ளைவெயிட்டுகளில் டூலிக்குச் சமமாக நிற்கக்கூடிய ஒரே ஆள். இதை யார் மறுத்தாலும் நான் வாதாடத் தயார்.

உங்கள் மாமா மகனோடு உட்கார்ந்து வசீம் சண்டையைப் பாருங்கள். பதினோராவது ரவுண்டில் ம்தலானே கீழே விழுகிறார். எழுந்து, பன்னிரண்டாவது ரவுண்டை முடித்து, புள்ளியில் வெல்கிறார். இரண்டு நடுவர்களின் கணக்கில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளிதான். பார்த்த பிறகும் அவன் எட்வர்ட்ஸைப் பற்றியே பேசினால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.