"என் மகள் ஐசியு நர்ஸ் ஆகணுமாம்": தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை தமிழ் வகுப்பு விட்ட நேரத்தில், கார் கதவைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "சாகக் கிடக்கிறவங்களையே தினமும் பார்த்துக்கிட்டு இருந்தா பிள்ளை மனசு கல்லாயிடாதா?" என்றீர்கள். பின் ஸீட்டில் இருந்த உங்கள் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு நின்றபடியே பேசி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயத்தில் பாதியைக் குறைத்துவிடுகிறேன். மேட்ரிக் என்கிற பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் யாரையும் ஐசியுவில், அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவில், கொண்டுபோய் நிறுத்துவதில்லை. பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் பட்டம் நான்கு ஆண்டு. முடித்தால் பொது நர்ஸ், மகப்பேறு நர்ஸ் இரண்டாகவும் பதிவு கிடைக்கும். அதன்பின் ஒரு ஆண்டு கட்டாய சமூகப் பணி. சம்பளம் உண்டு, ஆனால் எந்த ஊரில் இடம் கிடைக்கிறதோ அங்கே போகவேண்டும். அது டர்பனாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அப்புறம் வார்டில் வேலை. தீவிர சிகிச்சைக்கான முதுநிலை டிப்ளமாவில் சேரப் பல இடங்களில் இரண்டு ஆண்டு அனுபவமாவது கேட்கிறார்கள். அந்தப் படிப்பு இன்னொரு ஆண்டு. கூட்டிப் பாருங்கள், அவளுக்கு 26 வயது ஆகிவிடும். இன்றைக்கு நீங்கள் முடிவு செய்யவேண்டியது நர்ஸிங்கா இல்லையா என்பதை மட்டும்தான். ஐசியுவா, பிரசவ வார்டா, அறுவை அரங்கா என்பதை அவள் வார்டில் கால் வைத்த பிறகு அவளே கண்டுகொள்வாள். ஐசியு என்று போய்க் குழந்தைகள் வார்டில் மனதைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்று ஆண்டு டிப்ளமா ஒன்றும் இருக்கிறது. பதிவு பெற்ற நர்ஸ் ஆக அது போதும். ஆனால் டிப்ளமா முடித்தவர் பொதுவாக நேரே முதுநிலை டிப்ளமாவில் சேர முடியாது. நடுவில் அட்வான்ஸ்டு டிப்ளமா ஒன்று முடிக்கவேண்டும். ஐசியு என்பதில் அவள் உறுதியாக இருந்தால் பட்டம்தான் நேர்வழி. உங்கள் நாத்தனார் தான் படித்த பழைய நான்காண்டு டிப்ளமாவைப் பற்றிச் சொன்னாராமே, அதில் 2019-க்குப் பிறகு புதிய சேர்க்கை கிடையாது. அவர் சொன்னதில் தப்பில்லை, காலம்தான் மாறிவிட்டது.

இனி அந்தக் கல் மனசுக்கு வருகிறேன். உங்கள் மனதில் இருக்கும் ஐசியு டிவியில் வருவது: எல்லோரும் ஓடுவார்கள், யாரோ ஒருவர் நெஞ்சை அழுத்துவார், மானிட்டரில் கோடு நேராகப் போகும். நிஜத்தில் பெரும்பாலான நேரம் அங்கே பொறுமையான, ஒரே மாதிரியான வேலைதான். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது வழக்கமான கணக்கு, ஆள் குறைந்த நாட்களில் அது தப்பினாலும். காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை அந்த ஒரு கட்டில்தான் அவள் உலகம். மணிக்கு மணி இரத்த அழுத்தம், மூத்திர அளவு, மருந்து ஓடும் வேகம் எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதவேண்டும். நினைவு நிலைக்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் போடவேண்டும். டார்ச் அடித்துக் கண் பாவை சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டும். குழாயில் தேங்கும் சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். நுரையீரலில் கிருமி இறங்காமல் இருக்கத் தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்ந்திருக்கவேண்டும், வாயைத் துடைத்துச் சுத்தமாக வைக்கவேண்டும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கவேண்டும். டாக்டர் காலையும் மாலையும் வந்து போவார். நடுவில் மூச்சு ஒரு மாதிரி மாறுகிறது என்று முதலில் கவனிப்பவள் நர்ஸ். ஆகவே கணக்கில் கவனமும் முதுகில் பலமும் வேண்டும். இரண்டாவதை யாரும் சொல்வதில்லை. நினைவில்லாத 90 கிலோ மனிதரைத் திருப்புவது விளையாட்டில்லை.

ஆனால் ஒரு பிள்ளை இந்த வேலையில் நிலைப்பாளா என்று நான் பார்ப்பது இதை வைத்து அல்ல. ரத்தத்தைப் பார்த்துத் தலை சுற்றுவது ஆறு மாதத்தில் பழகிவிடும். கதவுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தின் முகத்தைப் பார்க்கமுடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

என் கதையைச் சொல்கிறேன். என் அப்பா பதினொரு நாள் ஐசியுவில் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். முதல் இரண்டு நாள் இருந்த நர்ஸ் வேலையில் கெட்டிக்காரி, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எது கேட்டாலும் "டாக்டரைக் கேளுங்கள்" என்பாள். மெஷின் கத்தும் போதெல்லாம் என் அம்மா நடுங்குவாள். மூன்றாம் நாள் ஸூலு இனத்து சிஸ்டர் ஒருவர் வந்தார். அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "இந்தச் சத்தம் மருந்துப் பை தீரப்போகிறது என்பதற்கு. இதற்குப் பயப்படாதீர்கள், பயப்படவேண்டிய சத்தத்துக்கு நானே ஓடி வருவேன்" என்றார். அப்பாவின் விரல்களை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "தூக்க மருந்தில் இருக்கிறார். ஆனாலும் காது கேட்கலாம், உங்கள் பாஷையில் பேசுங்கள்" என்றார். அம்மா என்ன பேசுவது என்று தெரியாமல், வீட்டுக் கறிவேப்பிலைச் செடி துளிர்த்திருக்கிறது என்று சொன்னாள். அப்பா பிழைக்கவில்லை. அம்மா இன்றைக்கும் கறிவேப்பிலை கிள்ளும்போதெல்லாம் அந்த சிஸ்டரைப் பற்றிச் சொல்வாள்.

இது அந்த சிஸ்டரின் நல்ல குணம் மட்டுமில்லை, வேலையின் பகுதி. நான்ஸி மோல்ட்டர் என்ற அமெரிக்க நர்ஸ் ஐசியு நோயாளிகளின் உறவினர்கள் நாற்பது பேரிடம் உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு 1979-லேயே எழுதினார். நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்று உணர்வதுதான் மேலே வந்தது. அதற்காகப் பொய் சொல்லச் சொல்லவில்லை. பிழைப்பாரா மாட்டாரா என்பதைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. டாக்டர் சொன்னதில் பாதிகூடக் காதில் ஏறாமல் குடும்பம் வெளியே வரும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, அதையே எளிய சொல்லில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சொல்வது நர்ஸின் பொறுப்பு. நோயாளி வீடு திரும்பினாலும் அந்த ஐசியு நாட்கள் சும்மா விடாது. கெட்ட கனவு, பயம், ஞாபகக் குறைவு என்று மாதக்கணக்கில் இழுக்கும், கூட இருந்தவர்களுக்கும் அப்படியே. 2010-க்குப் பிறகு அதற்கென்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் இந்த வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே வார்டில் ஸூலுக் குடும்பம் ஒன்று பத்துப் பேராக வந்து பிரார்த்திக்கும். அடுத்த கட்டிலில் முஸ்லிம் பெரியவரின் முகத்தைக் கிப்லா பக்கம், அதாவது மெக்கா இருக்கும் திசைக்கு, திருப்பச் சொல்வார்கள். நம் ஆட்கள் திருநீறு பூசுவார்கள், பூசலாம். கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்பார்கள். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் தீப்பொறி ஆகாது என்பதை அவர்கள் மனம் நோகாமல் சொல்லத் தெரியவேண்டும். உங்கள் மகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். ஸூலு மொழியைப் பாடமாக மட்டும் படிக்காமல் பேசக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நம் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் அது அவள் கையில் இன்னொரு ஸ்டெதஸ்கோப் மாதிரி.

மனசு கல்லாகுமா என்றால், சிலருக்கு ஆகிறது, மறைக்கமாட்டேன். இரவு ஷிஃப்ட், ஆள் பற்றாக்குறை, ஒரே வாரத்தில் மூன்று சாவு என்றால் யாருக்கும் அலுத்துப்போகும். வீட்டில் வந்து பேச ஆள் இருப்பவர்கள் தாங்குகிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். ஆனால் "நான் அப்பவே சொன்னேனே" என்று தொடங்கினால் அவள் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டாள்.

பணக் கவலைக்குச் சுருக்கமாக. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் என்றால், அரசுப் பல்கலைக்கழகப் படிப்புக்கு என்எஸ்ஃபாஸ் என்கிற அரசின் மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் கல்லூரிக்கு அது கிடையாது. சிறப்புப் பயிற்சி பெற்ற ஐசியு நர்ஸுகள் எப்போதும் தேவைக்குக் குறைவு, அரசு சம்பளத்திலும் அவர்களுக்குத் தனிப் படிநிலை இருக்கிறது. உங்கள் தம்பி "அதே கஷ்டத்துக்கு டாக்டராகவே ஆகலாமே" என்கிறாராம். அவள் டாக்டராக ஆசைப்பட்டால் சரி. ஆசை அதுவல்ல என்று அவளே சொல்கிறாளே.

தெருமுனையில் போர்டு மாட்டி "ஆறு மாதத்தில் நர்ஸ்" என்கிற இடங்களில் மட்டும் ஒரு ராண்டும் கட்டாதீர்கள். தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் இருக்கிறதா என்று கவுன்சிலிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஏமாந்து, இரண்டு ஆண்டும் பணமும் போய், என் முன்னால் அழுத பிள்ளைகள் உண்டு.

அவள் இப்போது கிரேடு 11. லைஃப் சயின்சஸ் என்கிற உயிரியல் பாடத்தை விட்டுவிடக் கூடாது, கணக்கிலும் தளரக் கூடாது. இந்த ஆண்டு இறுதி மதிப்பெண்ணை வைத்துத்தான் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகங்கள் முதல் கட்டமாக ஆளைத் தெரிவு செய்யும். டர்பனில் இருக்கும் சிஏஓ என்கிற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் இந்த மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கு முயலலாம். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் அடுத்த ஆண்டின் நடுவிலேயே போட்டுவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். வரும் பள்ளி விடுமுறையில் வாரம் இரண்டு நாள், பக்கத்தில் இருக்கும் முதியோர் இல்லம் எதிலாவது உதவிக்குப் போகட்டும். ஊசி, மருந்து எதையும் தொடவேண்டாம். சோறு ஊட்டட்டும், பார்க்க வரும் மகன் மகளோடு உட்கார்ந்து பேசட்டும். மூன்றாவது வாரம் அவளாகவே கிளம்புகிறாளா, நீங்கள் எழுப்பி அனுப்பவேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் அதன்பின் இருவருமாக வாருங்கள். இந்த முறை அவள் முன் ஸீட்டில் உட்காரட்டும்.