சைக்கோசிஸ் குணமான பிறகும் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது தவறா?

தவறே இல்லை. சைக்கோசிஸ் என்பது இல்லாத குரல்கள் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் என்று நிஜத்தோடு தொடர்பு விட்டுப்போகும் மனநோய் நிலை. குரல்கள் அடங்கி, வேலைக்கும் போகத் தொடங்கிய ஒருவர் "இன்னும் எத்தனை வருடம்?" என்று கேட்டால், அதையே நோயின் அறிகுறியாகப் பார்ப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. தூக்கக் கலக்கம், எடை கூடுவது, கை நடுக்கம் எல்லாம் அவர் உடம்பில்தானே நடக்கின்றன!

ஆனால் கேட்பது வேறு, தானாக நிறுத்துவது வேறு. நெதர்லாந்தில் முதல்முறை சைக்கோசிஸ் வந்து தேறியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தைக் குறைத்தவர்களுக்கு ஆரம்பத்தில் நோய் அதிகமாகத் திரும்பியது. ஏழு ஆண்டு முடிவு 2013இல் வந்தபோது, அவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் நோயும் தணிந்து அன்றாட வாழ்க்கையும் சீராகி மீண்டிருந்தார்கள். மருந்தைத் தொடர்ந்த குழுவில் சுமார் 18 சதவீதம்தான். சரி, குறைத்துவிடலாம் என்று தோன்றும். 2023இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. அங்கே நோய் பலமுறை வந்தவர்களும் இருந்தார்கள். மருந்தைக் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கு நோய் தீவிரமாகத் திரும்பியது, மற்றவர்களில் 13. இரண்டு ஆண்டில் அன்றாட வாழ்க்கையும் மேம்படவில்லை.

அதனால் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. திடீரென நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. குறைப்பதானால் டாக்டரோடு பேசி மாதக்கணக்கில் மெல்லக் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டால், சந்தேகம் தலைதூக்கினால் யாரிடம் சொல்வது என்று வீட்டில் முன்பே பேசி வையுங்கள்.

இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை பற்றிய விளக்கமும் உங்கள் மருத்துவப் பதிவுகளும் கேட்டுப் பெறலாம். பிறகு எப்போதாவது முடிவெடுக்க முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்றும் இப்போதே எழுதி வைக்கலாம். அப்புறமும் டாக்டர் காது கொடுக்காவிட்டால், மாத்திரையைத் தொடர்ந்தபடியே வேறொரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.