சம்டரில் சாவு அதிகம் என்கிறது புள்ளிவிவரம். அங்கே வீடு வாங்கலாமா?

கேள்வி: புளோரிடாவில் டாம்பாவில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அப்பாவும் அம்மாவும் கிரீன் கார்டில் வந்து ஓராண்டு ஆகிறது. இருவரும் எழுபதை ஒட்டியவர்கள், அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. பெண் எட்டாம் வகுப்பு. நகரத்தை விட்டு வெளியே வீடு வாங்க சம்டர், அலாச்சுவா என்று இரண்டு கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி) பார்த்து வைத்திருக்கிறோம். மாநிலச் சுகாதாரத் துறையின் தளத்தைத் திறந்தால், இதயநோய், புற்றுநோய்ச் சாவுகள் சம்டரில் மாநில அளவைவிட ஏகத்துக்கு அதிகம். அலாச்சுவாவில் சாவு குறைவு, ஆனால் பால்வினை நோய் மாநிலத்தைவிட மிக அதிகம். எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: நீங்கள் பார்த்த எண்கள் தப்பில்லை. அவற்றைப் பார்த்துப் பயந்ததுதான் தேவையில்லாதது. ஒரு கவுண்டியின் எண்ணை மாநில எண்ணுக்குப் பக்கத்தில் வைத்ததும் "இங்கே நோய் அதிகம்" என்று மனம் சொல்லிவிடும். அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்தக் கவுண்டியில் யார் குடியிருக்கிறார்கள், எதற்காக அங்கே வந்தார்கள்? நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு கவுண்டிகளிலும் மொத்த விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது.

சம்டரை எடுத்துக்கொள்வோம். 'தி வில்லேஜஸ்' என்ற மாபெரும் ஓய்வுபெற்றோர் குடியிருப்பின் பெரும்பகுதி அங்கேதான். மிச்சம் பக்கத்து லேக், மேரியன் கவுண்டிகளுக்குள் நீள்கிறது. கோல்ஃப் வண்டியிலேயே கடைக்கும் கிளினிக்கிற்கும் போய்வரும் ஊர். புளோரிடாவில் 65 கடந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். சம்டரில் அவர்கள் பாதிக்கும் மேல். கவுண்டியின் நடுவயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) 68 அளவில் இருக்கிறது. மாநிலத்தின் நடுவயது நாற்பதைச் சற்றே தாண்டியது. இப்படிப்பட்ட ஊரில் சாவு அதிகமாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. மாநிலத்தில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு, 65 வயதுக்குக் கீழே 300 பேரும், 65க்கு மேலே 4,000 பேரும் இறக்கிறார்கள் என்று கொள்வோம். மாநிலத்தில் முதியோர் 20 சதவீதம் என்றால் மொத்த விகிதம் 1,040 வரும். பக்கத்தில் ஒரு கவுண்டி. அங்கே இரு வயதுப் பிரிவிலும் சாவு மாநிலத்தைவிடப் பத்துச் சதவீதம் குறைவு: 270, 3,600. ஆனால் முதியோர் 60 சதவீதம். மொத்த விகிதம் எவ்வளவு தெரியுமா? 2,268. எந்த வயதுக்காரரை எடுத்தாலும் மாநிலத்தைவிட ஆரோக்கியமாக இருக்கும் கவுண்டி, தளத்தில் இரண்டு மடங்கு மோசமானதாகத் தெரிகிறது.

இதைச் சரிக்கட்டத்தான் 'வயது சரிசெய்த விகிதம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவின் சாவு விகிதத்தையும் எடுத்து, 2000ஆம் ஆண்டுக்கான அமெரிக்க நிலையான மக்கள்தொகையில் அந்தந்த வயதினர் எந்தப் பங்கில் இருந்தார்களோ அதே பங்கில் கூட்டுகிறார்கள். கவுண்டியும் மாநிலமும் ஒரே வயது அமைப்புக்கு மாற்றப்பட்டபின் ஒப்பிடுவது நியாயம். நீங்கள் பார்த்த அதே தளத்தில் இந்த விகிதமும் கிடைக்கும். அதை எடுத்துப் பாருங்கள், உங்களைப் பயமுறுத்திய இடைவெளியில் பெரும்பங்கு காணாமல் போகும்.

அந்த எண்ணைப் பார்த்து "இவ்வளவு பேர்தான் இறக்கிறார்களா" என்று நினைத்துவிடவும் கூடாது. அந்த நிலையான மக்கள்தொகையில் முதியோர் பங்கு 13 சதவீதத்துக்கும் கீழே. அதனால் புளோரிடாவுக்கு வயது சரிசெய்த எண் எப்போதும் உண்மைச் சாவுக் கணக்கைவிடச் சிறியதாகவே வரும். ஒப்பிடுவதற்காகச் செய்த எண் அது, வேறு எதற்கும் ஆகாது. எத்தனை இதயநோயாளிகள் ஒரே மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் முதலில் பார்த்த, சரிசெய்யாத எண்தான் உதவும். உங்கள் பெற்றோருக்கு அந்தக் கேள்வியும் முக்கியம்.

சரி, வயது சரிசெய்தபின் ஒரு கவுண்டி மாநிலத்தைவிட நன்றாக வந்தால் அந்த ஊர்க் காற்றும் தண்ணீரும் நல்லவை என்று அர்த்தமா? அதுவும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து வந்து வீடு வாங்கி, தினமும் கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஓரளவு பணமும் உடம்பில் தெம்பும் உள்ளவர்கள். படுக்கையில் விழுந்தவர்கள் அப்படிக் கிளம்பி வருவதில்லை. வந்தபின் விழுந்தவர்களில் சிலர் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். சாவு குறிக்கப்படுவது இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த கவுண்டியின் கணக்கில், எந்த மருத்துவமனையில் உயிர் போனது என்பதை வைத்து அல்ல. ஓஹையோவில் வீடு வைத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகிறவர் சம்டரில் இறந்தாலும் சம்டரின் எண்ணில் சேரமாட்டார்.

உங்கள் வீட்டுக்கு இதைவிட முக்கியமான ஒரு விஷயம். தி வில்லேஜஸின் பெரும்பாலான பகுதிகளில் 19 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நிரந்தரமாகத் தங்க முடியாது. எட்டாம் வகுப்புப் பெண்ணோடு நீங்கள் அங்கே குடியேற முடியாது, வைல்ட்வுட் மாதிரி வெளிப்பகுதியில்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆக, நல்லதோ கெட்டதோ, சம்டரின் எண்ணில் பெரும்பகுதி உங்கள் அக்கம்பக்கத்தாருடையதாகவே இருக்கப்போவதில்லை. கோல்மனில் ஒரு பெரிய கூட்டாட்சிச் சிறை வளாகம் வேறு இருக்கிறது. அங்கே அடைபட்டிருப்பவர்களையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்தக் கவுண்டியின் ஆட்களாகவே எண்ணுகிறது.

சிறை என்றதும் யூனியன் கவுண்டியைச் சொல்லாமல் விட முடியவில்லை. அலாச்சுவாவுக்கு வடக்கே ஒட்டியபடி இருக்கும் குட்டிக் கவுண்டி, மக்கள் பதினாறாயிரம் பேர். 2014ஆம் ஆண்டுக்கு அமெரிக்கக் கவுண்டிகள் அனைத்தின் புற்றுநோய்ச் சாவையும் கணித்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. மிகக் குறைவு கொலராடோவின் சம்மிட் கவுண்டி, லட்சத்துக்கு 70.7. மிக அதிகம் இந்த யூனியன், 503.1. வயது சரிசெய்தபின் வந்த எண் இது! அங்கே மண்ணில் விஷமா? லேக் பட்லர் ஊர்ப்பக்கம் மாநிலச் சிறைத் துறையின் மருத்துவ மையம் இருக்கிறது. நோய் முற்றிய கைதிகளை மாநிலம் முழுவதிலுமிருந்து அங்கே கொண்டுவருகிறார்கள். அவர்கள் அங்கேயே இறக்கிறார்கள், அந்தக் கவுண்டியின் ஆட்களாகவே கணக்கில் ஏறுகிறார்கள். வயதைச் சரிசெய்யலாம். ஆட்கள் எதற்காக அங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்பதைச் சரிசெய்ய எந்தச் சூத்திரமும் கிடையாது.

அலாச்சுவாவில் நடப்பது இதன் மறுபக்கம். கெய்ன்ஸ்வில்லில் புளோரிடா பல்கலைக்கழகம். மாணவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். கவுண்டியின் மொத்த மக்களே 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,78,000தான். இளைஞர் கூட்டம் என்பதால் மொத்தச் சாவு விகிதம் குறைவாகத் தெரிகிறது. கிளமிடியா என்ற பால்வினை நோய் நாடு முழுவதுமே 15 முதல் 24 வயதினரிடம்தான் அதிகம் பதிவாகிறது. அந்த வயதினர் குவிந்திருக்கும் கவுண்டியில் எண் ஏறாமல் என்ன செய்யும்? பாலுறவு வாழ்க்கையில் இருக்கும் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆண்டுதோறும் இதற்குச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பரிந்துரை. பெரும்பாலும் அறிகுறியே இல்லாத தொற்று என்பதால் சோதனை நன்றாக நடக்கும் இடத்தில் கண்டுபிடிப்பும் கூடும். இந்த எண்ணுக்கும் உங்கள் பெண்ணுக்கும் சம்பந்தமில்லை. அதையொட்டிக் கவலைப்பட வேண்டுமென்றால் எந்தக் கவுண்டியில் இருந்தாலும் படலாம்.

மாநில எண் என்கிறோமே, அது யாருடையது? புளோரிடாவின் 67 கவுண்டிகளில் மயாமி-டேட், பிரவார்ட், பாம் பீச் மூன்றிலும் சேர்த்தே மாநில மக்களில் கால்பங்குக்கு மேல் இருக்கிறார்கள். மாநிலச் சராசரியோடு ஒப்பிடுவது கணிசமான அளவுக்குத் தென்கோடி நகரங்களோடு ஒப்பிடுவதுதான். நெவாடாவில் இது இன்னும் வேடிக்கை: லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் மாநில மக்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள். கிளார்க்கை நெவாடாவோடு ஒப்பிட்டால் ஆள் தன் கண்ணாடி பிம்பத்தோடு உயரம் பார்த்த கதைதான். ஆகவே ஒத்த சாயல் உள்ள கவுண்டியைத் தேடுங்கள். சம்டருக்கு ஷார்லட், சிட்ரஸ். அலாச்சுவாவுக்கு, டலஹாசியில் பல்கலைக்கழகம் உள்ள லியான். மாநிலத்தோடு ஒப்பிட்டதில் தெரியாத வித்தியாசம் இங்கே தெரியும்.

சின்ன எண்ணிக்கைகளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆண்டுக்கு ஐந்நூறு பிரசவம் நடக்கும் கவுண்டியில் ஓராண்டு இரண்டு குழந்தைகள் இறந்தால் ஆயிரத்துக்கு 4. அடுத்த ஆண்டு ஐந்து இறந்தால் 10. ஊரில் எதுவும் மாறியிருக்காது. அதனால்தான் மூன்றாண்டு சேர்த்த விகிதம் போடுகிறார்கள். கையோடு ஒரு சோதனை: சாவு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து 2ஐ அதால் வகுங்கள். நூறு சாவு என்றால் 0.2, அதாவது விகிதம் இருபது சதவீதம் மேலேயும் கீழேயும் தற்செயலாகவே ஆடலாம். பதினாறு என்றால் ஐம்பது சதவீதம். மாநில எண் அந்த ஆட்டத்துக்குள் விழுந்தால் 'அதிகம்', 'குறைவு' இரண்டையும் சொல்லாதீர்கள். சிடிசியின் 'வொண்டர்' தரவுத்தளம் இருபதுக்குக் கீழான சாவுகளில் வந்த விகிதத்தை நம்பகமற்றது என்றே முத்திரை குத்துகிறது; பத்துக்குக் கீழே போனால் எண்ணையே மறைத்துவிடுகிறது. வரைபடத்தில் கவுண்டிகளை நான்கு கூறாகப் பிரித்து நிறம் அடித்திருப்பார்களே, அதை நான் பார்ப்பதே இல்லை. வித்தியாசம் துளியாக இருந்தாலும் யாரோ கால்பங்குக் கவுண்டிகள் சிவப்பில் வந்தே தீர வேண்டும்.

சர்க்கரை நோய், பிரஷர் சதவீதங்கள் வேறு வகை. அவை சாவுப் பதிவேட்டிலிருந்து வருவதில்லை. "உங்களுக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் எப்போதாவது சொன்னாரா" என்று தொலைபேசியில் கேட்டுத் திரட்டியவை. டாக்டரிடமே போகாதவர் "இல்லை" என்பார். சிடிசியின் 'பிளேசஸ்' திட்டத்தில் உள்ள கவுண்டி எண்கள் அந்தக் கருத்தெடுப்பை வைத்துக் கணித மாதிரி மூலம் வந்த மதிப்பீடுகள், அந்த ஊரில் எண்ணிப் பார்த்தவை அல்ல. பொதுப் போக்குக்கு ஆகும். ஓரிரு சதவீத வித்தியாசத்தை வைத்து வீடு வாங்கக் கூடாது.

இனி உங்கள் பெற்றோர். கவுண்டி எண்களில் நம்மவர்கள் 'ஆசியர்' என்ற ஒரே தலைப்பில் சீனர், பிலிப்பினோ, வியட்நாமியர் எல்லோரோடும் கலந்திருப்பார்கள். தெற்காசியர்களுக்கு இதயநோயும் சர்க்கரையும் ஒல்லியான உடம்பிலேயே சீக்கிரம் வருகின்றன என்பது அந்தக் கலவையில் கரைந்துபோகிறது. உடல் எடைக் குறியீடு 23 ஆனாலே ஆசிய அமெரிக்கர்களுக்குச் சர்க்கரைச் சோதனை செய்யச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். மற்றவர்களுக்கு அது 25. அம்மாவுக்கு இதுவரை பார்க்கவில்லை என்றால் எந்தக் கவுண்டிக்குப் போவதற்கும் முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

'காப்பீடு இல்லாதவர்' சதவீதத்தைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள். பல இடங்களில் அந்த எண் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் எடுக்கப்படுகிறது, முதியோருக்கு அரசுக் காப்பீடான மெடிகேர் இருக்கும் என்ற எண்ணத்தில். இங்கே வேலை செய்து வரி கட்டாமல், வயதானபின் கிரீன் கார்டில் வந்தவர்கள் தொடர்ந்து ஐந்தாண்டு குடியிருந்த பிறகே பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். உங்கள் பெற்றோருக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அதுவரை காப்பீட்டுச் சந்தையில் பணம் கொடுத்து வாங்கும் காப்பீடுதான், அதில் எந்தெந்த மருத்துவமனை சேரும் என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். பல்கலைக்கழக மருத்துவமனை இருப்பதால் அலாச்சுவாவில் மக்கள்தொகைக்கு டாக்டர்கள் மிக அதிகம் என்று எண் காட்டும். அதில் பலர் பாதி நாள் பாடம் நடத்துகிறவர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்கள். வடக்குப் புளோரிடா முழுவதிலுமிருந்து நோயாளிகளும் அங்கேதான் வருகிறார்கள். இருந்தாலும் உங்கள் நிலைமையில் என் சாய்வு அலாச்சுவா பக்கம்தான், சாவு விகிதத்துக்காக அல்ல, இதய மருத்துவர் அரை மணி நேரத்துக்குள் இருப்பார் என்பதற்காக.

வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இரு கவுண்டியிலும் ஒவ்வொரு இதய மருத்துவமனைக்கும் போன் போட்டு, அப்பாவின் காப்பீட்டுத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, புது நோயாளியாக எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வொண்டரில் 65-74, 75-84 வயதுப் பிரிவுகளை மட்டும் தேர்ந்து, ஐந்தாண்டு சேர்த்து, இரண்டு கவுண்டிக்கும் இதயநோய்ச் சாவை எடுத்துப் பாருங்கள். 2020, 2021 சேர்ந்தால் கோவிட் காலம் எல்லா எண்ணையும் இழுத்துவிடும். சேர்த்தால் இரு பக்கமும் ஒரே ஆண்டுகளாக இருக்கட்டும்.