கண்டி ஒருநாள் பயணத்தில் தலதா மாளிகைக்குள்ளேயே போகவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் சுற்றுலா வானில் கூட்டிப்போனவர்கள், புத்தரின் புனிதப் பல் இருக்கும் கோயிலான தலதா மாளிகைக்குள் கூட்டிப்போகாமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுப் பணமும் கிடைப்பது கஷ்டம், ஒரு பகுதியைக் கேட்டு வாங்கலாம். பதிவுசெய்தபோது அனுப்பிய பயணத் திட்டத்தில் ‘தலதா மாளிகை’ என்று இருந்தால் அதைக் காட்டி, உள்ளே கூட்டிப்போகவில்லை என்பதை மட்டும் எழுத்தில் கேளுங்கள். வான் வண்டியில் ஏசி இல்லை, வழிகாட்டி வாயே திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சேர்த்தால் இழுபடும்.

வழியில் மாவனல்லை வாசனைப்பொருள் தோட்டத்தில் ஒன்றரை மணி, மாணிக்கக் கடையில் முக்கால் மணி என்கிறீர்களே, நேரம் போனது அங்கேதான். நீங்கள் வாங்கும் எண்ணெய்ப் போத்தலில் சாரதிக்கும் பெரும்பாலும் கொமிஷன் உண்டு. (என் சித்தப்பா வாங்கிய மூட்டுவலி எண்ணெய் இன்னும் மூடி திறக்காமல் எங்கள் வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருக்கிறது.) கொழும்பிலிருந்து கண்டி ஏறக்குறைய 115 கிலோமீற்றர்தான், ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டினால் போகவே நாலு மணித்தியாலம் ஆகும்.

உங்கள் படங்களில் வழிகாட்டியின் கழுத்து அட்டை தெரிகிறதா பாருங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதி அட்டை என்றால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு 1912க்கு அழைத்து முறையிடலாம்.

ஒன்று, திட்டத்தில் ‘நேரம் இருந்தால்’ என்று ஒரு வரி இருந்தால் உங்கள் பக்கம் பலமில்லை. அப்படியென்றால் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் ரயிலேறிப் போய், இரவு கண்டியில் தங்கி, மாலை 6.30 பூசையைப் பார்த்துவிட்டு வாருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு வேண்டும்.