ஒற்றைத் தாள் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இணையத்தில் ஒரு தாள் விற்பனைக்கு வந்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு பிரான்ஸ், கன்றுத்தோலில் லத்தீன் செபம், ஓரமெல்லாம் தங்கப் பூவேலை. மகள் திருமணத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. அசல்தான் என்று எப்படி உறுதி செய்வது? அந்தக் காலத்துப் பெண்களுக்கு லத்தீன் புரிந்ததா? தங்கத்தை எப்படி ஒட்டினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகளுக்கு என் வாழ்த்துகள். தாளை வாங்காதீர்கள்.

லத்தீன் தினமும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகியிருக்கும். அர்த்தம் முழுக்கத் தெரிந்துதான் நாம் வேண்டிக்கொள்கிறோமா? தங்கத்துக்கு, சுண்ணமும் பசையும் குழைத்து மேடாகத் தடவி, மேலே மெல்லிய தங்க ரேக்கை ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அசலா என்று கேட்கிறீர்கள். அசலாக இருந்தால்தான் பிரச்சினையே.

அந்தத் தாள் தனியாகப் பிறக்கவில்லை. துறவிகளைப் போல ஒரு நாளை எட்டு வேளையாகப் பிரித்து மாதாவிடம் செபிக்க, குடும்பஸ்தர்கள் வைத்திருந்த வேளைச் செபப் புத்தகத்தில் (Book of Hours) ஒரு தாள் அது. முன்னால் புனிதர்களின் திருநாட்கள் குறித்த நாட்காட்டி இருக்கும். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்ட் தன் பிறந்த நாளான அக்டோபர் 2-ஐத் தன் புத்தகத்தின் நாட்காட்டியில் எழுதி வைத்தார். வேளைகளின் வரிசைதான் அந்தப் புத்தகத்துக்கு உயிர்.

கிளீவ்ஸ் கேத்தரீன் சீமாட்டிக்காக 1440 வாக்கில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் செய்த புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியர் பெயர் தெரியாது. ஆனால் என்ன குறும்பு! புனித அம்புரோசைச் சுற்றிச் சட்டம் போலச் சிப்பிகள், கீழே ஒரு நண்டு. இன்னொரு பக்கத்தில் மாதா குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். சூசையப்பர் பீப்பாயை வெட்டிச் செய்த நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். இதை 19-ஆம் நூற்றாண்டு வியாபாரி ஒருவர் பிரித்துத் தாள்களைக் கலைத்துப் போட்டு, ஒன்றை இரண்டு புத்தகமாக்கி விற்றார். நியூயார்க் மோர்கன் நூலகம் ஒரு பாதியை 1963-இலும் மற்றதை 1970-இலும் வாங்கிய பிறகுதான் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன.

அந்த வியாபாரியாவது தாள்களை வைத்திருந்தார். ரசனைக்குப் பேர் போன ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், மாலையில் ஒரு பூசைப் புத்தகத்தை வெட்டினேன், கடினமான வேலை என்று 1854-இல் நாட்குறிப்பே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் ஆட்டோ எகே என்ற சேகரிப்பாளர் புத்தகங்களைப் பிரித்து, ஐம்பது தாள்கள் கொண்ட பெட்டிகளாகவே விற்பனைக்குத் தொகுத்தார். சாமானியரும் ஒரு தாளாவது வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் சொன்ன நியாயம். நீங்களும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள், தெரியும். கேட்க ஆள் இருக்கும்வரை கத்திக்கு வேலை இருக்கும். வாங்குகிறவர்தான் அந்த ஆள். "எப்போதோ கிழித்தது, நான் என்ன செய்ய" என்ற சமாதானம் வேண்டாம்.

நண்பர் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் அப்படி ஒரு தாள் தொங்கியது. திருப்பாடல் 51 பாதி வாக்கியத்தில் நின்றது. மீதி பின்பக்கத்தில். பின்பக்கத்தைச் சட்டம் போட்டவர் அட்டையில் ஒட்டிவிட்டார். எத்தனை அழகு பாருங்கள் என்றார் நண்பர். கோபத்தை அடக்கிக்கொண்டு காபியைக் குடித்தேன்.

கேத்தரீன் புத்தகத்தின் பக்கங்களை மோர்கன் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. மகளோடு உட்கார்ந்து நண்டைத் தேடுங்கள். அந்தக் காசுக்கு அவருக்கு ஒரு நல்ல பட்டுப்புடவை எடுங்கள். அப்புறம், விற்பவரிடம் மற்ற தாள்கள் எங்கே என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.